பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஆயத்தமாதல்: யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றப்போகிறது என்றால் வீட்டிலுள்ள எல்லோரும் தங்கள் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். விடியற்காலை ரியூசனுக்கு யார் கொண்டுபோய் விடுவது, கடந்தகால வினாத்தாள்களை எங்கே வாங்குவது, கோயில் திருவிழாவுக்குப் போகலாமா கூடாதா என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால், பெறுபேறு வந்தபின் நிரப்ப வேண்டிய பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒதுக்கப்படுவது ஒரேயொரு பின்னேரம். அதுவும் முடிவுத் திகதிக்கு முந்திய நாளின் பின்னேரம். இரண்டரை ஆண்டு உழைப்பின் பயன் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தக் கற்கைநெறியில் போய்ச் சேரும் என்பதை அந்தப் பின்னேரமே தீர்மானித்துவிடுகிறது. அதற்கு எப்போது, எப்படி ஆயத்தமாவது என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் உறவினர்கள் தங்கள் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளையும் ஆசிரியர்களிடம் பெற்ற சிபாரிசுக் கடிதங்களையும் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கான பொதுத் தெரிவில் அவை எவற்றுக்கும் இடமில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பத்தின் வழியாக மாணவர்களைத் தெரிவுசெய்கிறது. அது பார்ப்பது உங்கள் பாடச்சேர்க்கை, இசட் புள்ளி (உயர்தரப் புள்ளிகளை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டுக் கணிக்கும் பெறுமானம்), மாவட்டம், நீங்கள் எழுதிக்கொடுக்கும் விருப்பத் தெரிவு வரிசை ஆகியவற்றையே. மாணவ முதல்வராக இருந்ததும் பேச்சுப் போட்டியில் வென்றதும் பொதுத் தெரிவில் கணக்கில் வராதவை. விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய மட்டத்திலும் அதற்கு மேலும் சாதித்தவர்களுக்கும், பார்வைக் குறைபாடு போன்ற நிலைமை உள்ளவர்களுக்கும் விசேட ஏற்பாடுகள் தனியே உண்டு. அவ்வகையில் விண்ணப்பிக்கக்கூடியவர்கள் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை இப்போதிருந்தே ஒரு கோவையில் சேர்த்து வைக்க வேண்டும்.

பாடத்தெரிவே விண்ணப்பத்தின் முதல் பக்கம்

சாதாரணதரப் பெறுபேறு வந்த கையோடு எடுக்கப்படும் முடிவு சில கதவுகளை நிரந்தரமாக மூடிவிடுகிறது என்பதைப் பலர் உயர்தரம் எழுதி முடித்த பின்னரே உணர்கிறார்கள். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பௌதிகவியல் கடினம் என்று கருதி அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தவர் எவ்வளவு உயர்ந்த இசட் புள்ளி பெற்றாலும் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியை இழக்கிறார். அதேபோல், பொறியியலுக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தேவை. இரசாயனவியலைக் கைவிட்டுத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுத்தவருக்குக் கணினி சார்ந்த சில கற்கைநெறிகள் திறந்திருக்குமே தவிர, பொறியியல் பீடம் திறந்திருக்காது. இவற்றைச் சொல்வது அந்தப் பாடங்களை எடுக்கவேண்டாம் என்பதற்காக அல்ல. தனக்கு எது கூடிவரும் என்று அறிந்து, மூடப்படும் கதவுகளையும் அறிந்துகொண்டு எடுப்பதே முறை.

பாடம் தெரிவுசெய்யும் நாளிலேயே ஆணைக்குழு வெளியிடும் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலின் கடந்த ஆண்டுப் பதிப்பு ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது தமிழிலும் வெளிவருகிறது; ஆணைக்குழுவின் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தேவையான பாடங்கள், பெற்றிருக்க வேண்டிய சித்திகள், சாதாரணதரத் தேவைகள் ஆகியன அதில் தனித்தனியே தரப்பட்டிருக்கும். சாதாரணதரத் தேவையைத்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். சில கற்கைநெறிகளுக்கு ஆங்கிலத்திலோ கணிதத்திலோ திறமைச் சித்தி கேட்கப்படுகிறது. சாதாரணதரத்தில் ஆங்கிலம் சாதாரண சித்தியோடு நின்றுவிட்டால், உயர்தரம் எழுதும் காலத்துக்குள் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதித் தேறுவது சாத்தியமே. உயர்தரப் பெறுபேறு வந்தபின் அதற்கு அவகாசம் இராது.

மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது சாதாரண சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் பெற்றிருப்பதே விண்ணப்பிப்பதற்கான அடிப்படைத் தகுதி. பொதுச் சாதாரண பரீட்சைக்கு ரியூற்றரிகளில் பெரிய வகுப்புகள் இல்லாததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றும் இந்த 30 புள்ளி இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை எண்ணி, கடந்தகால வினாத்தாள்கள் சிலவற்றையாவது செய்து பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போக வேண்டும். பொது ஆங்கிலம் பொதுத் தெரிவின் புள்ளியில் சேர்வதில்லை. ஆயினும் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் என்று எங்கு போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறும் என்பதால் அதைப் புறக்கணிப்பதன் விலையை முதலாம் ஆண்டில் கொடுக்க நேரிடும்.

இசட் புள்ளி, மாவட்டம், வெட்டுப்புள்ளி

2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத் தெரிவு மொத்தப் புள்ளியை வைத்து அல்லாமல் இசட் புள்ளியை வைத்து நடைபெறுகிறது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் பெறுமானம் கிடைக்கும். மூன்று பாடங்களின் பெறுமானங்களினதும் சராசரியே உங்கள் இசட் புள்ளி. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 என்றால், அதில் 70 புள்ளி பெற்றவரின் பெறுமானம் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 20 என்றால், அதில் 75 புள்ளி பெற்றவரின் பெறுமானம் 1 மட்டுமே. கூடிய புள்ளிக்குக் குறைந்த பெறுமானம் கிடைப்பது முதற்பார்வையில் விசித்திரமாகத் தோன்றினாலும், எல்லோரும் இலகுவாகப் புள்ளி எடுத்த பாடத்தில் 75 என்பது அவ்வளவு பெரிய விடயமல்ல என்பதே அதன் கருத்து. மூன்று பாடத்திலும் உயர் சித்தி பெற்ற இருவருடைய இசட் புள்ளிகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே, சித்திகளைக் கொண்டு எந்தப் பீடம் கிடைக்கும் என்று ஊகிப்பது பயனற்றது.

மாவட்ட முறையைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு அதிகம், விளக்கம் குறைவு. மொழியும் மாவட்டமும் பார்த்துப் பல்கலைக்கழகத் தெரிவை மாற்றியமைத்த 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஆறாத கதை. ஆனால் அன்றைய முறையையும் இன்றைய முறையையும் ஒன்றாக்கிப் பேசுவது விண்ணப்பிக்கும் மாணவருக்கு எவ்வகையிலும் உதவாது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமான இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையென வரையறுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. மாவட்டத்தைப் பாராமல் முழுவதும் அகில இலங்கைத் தரவரிசையிலேயே நிரப்பப்படும் கற்கைநெறிகளும் உண்டு; அவை எவை என்பதைக் கைநூல் குறித்துக் காட்டுகிறது. மாவட்ட முறையில் நிரப்பப்படும் ஒரு கற்கைநெறிக்கு நீங்கள் போட்டியிடுவது முதலில் முழு நாட்டோடும், அதில் இடம் கிடைக்காவிட்டால் உங்கள் மாவட்டத்தவரோடும் ஆகும்.

வன்னியிலிருந்து வந்து யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளில் உயர்தரம் படிக்கும் மாணவர்கள் இவ்விடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எந்த மாவட்டத்தவராக ஒருவர் கருதப்படுவார் என்பது வீட்டு முகவரியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்தப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தார் என்பதே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ சாதாரணதரம் முடித்தபின் யாழ்ப்பாணத்துக்கு மாறுவதானால், அந்த மாற்றம் உங்கள் மாவட்டத்தையும் மாற்றிவிடுமா என்பதைக் கைநூலின் மாவட்டம் பற்றிய பிரிவை வாசித்தோ அதிபரிடம் கேட்டோ தெளிந்த பின்னரே விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டும். நல்ல ரியூசன் கிடைக்கிறது என்பதற்காக மாறி, குறைந்த வெட்டுப்புள்ளியுள்ள (குறைந்த இசட் புள்ளியோடே தெரிவாகக்கூடிய) மாவட்டத்தை இழந்து நிற்பது இலாபமா நட்டமா என்பதைக் குடும்பமாக இருந்து கணக்குப் பார்க்க வேண்டியது அவசியம்.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டி நிர்ணயிக்கப்பட்ட ஓர் எல்லையல்ல. ஒரு கற்கைநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான மாணவரின் இசட் புள்ளியே அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியாகிறது. எனவே, கைநூலின் பின்பகுதியிலுள்ள அட்டவணையில் நீங்கள் காண்பது போன ஆண்டு நடந்ததை; இந்த ஆண்டு நடக்கப்போவதை அல்ல. நான்கு தசமதானம் வரை அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு அது துல்லியமான எதிர்வுகூறல் என்று எண்ணிவிடக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை யாழ்ப்பாண மாவட்ட நிரலிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எந்தக் கற்கைநெறி ஏறுகிறது, எது இறங்குகிறது, எது ஆண்டுக்காண்டு தளம்புகிறது என்பது புலப்படும். இதற்கென ஒரு சீ.ஆர். கொப்பியை ஒதுக்குங்கள், இடப்பக்கத்தில் கற்கைநெறியும் பல்கலைக்கழகமும், வலப்பக்கத்தில் மூன்று ஆண்டு வெட்டுப்புள்ளிகளும், அடியில் அக்கற்கைநெறி பற்றி விசாரித்து அறிந்தவையும் என்று எழுதி வந்தால், விண்ணப்ப நாளில் புதிதாகத் தேடுவதற்கு ஒன்றும் இராது.

பெயரும் பத்திரங்களும்

பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, சாதாரணதரச் சான்றிதழ், உயர்தரப் பரீட்சை விண்ணப்பம் ஆகிய நான்கிலும் உங்கள் பெயர் ஒரேவிதமாக இருக்கிறதா என்று 12ஆம் தரத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பெயர் முறையில் தந்தையின் பெயர் முன்னால் வருவதாலும், முதலெழுத்துகளை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொருவிதமாக எழுதுவதாலும், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் ஆளுக்காள் வேறுபடுவதாலும் ஒரே பிள்ளை நான்கு பத்திரங்களில் மூன்று பெயர்களோடு நிற்பதுண்டு. சிறு வேறுபாடென்றால் சத்தியக்கடதாசி ஒன்றோடு தீர்ந்துவிடலாம். பிறந்த திகதியோ முழுப்பெயரோ மாறியிருந்தால் திருத்தத்துக்கு மாதங்கள் செல்லும்.

இடம்பெயர்ந்த காலத்தில் பெற்றோர் திருமணம் செய்த குடும்பங்களிலும், பிள்ளை வவுனியாவிலோ மன்னாரிலோ பிறந்த குடும்பங்களிலும் இன்னொரு வேலை இருக்கிறது. பிறப்பு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் பதியப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்து, புதிய பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மடித்து மடித்துக் கிழிந்த பழைய பிரதியோடு முடிவுத் திகதிக்கு முதல் நாள் ஓடித் திரிவதைத் தவிர்க்கலாம். மூலப்பிரதிகளை ஒரு கோவையிலும், உறுதிப்படுத்திய நிழற்பிரதிகளை இன்னொன்றிலும், எல்லாவற்றினதும் தெளிவான வருடிய படங்களை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள்.

மின்னஞ்சல் என்றதும் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. விண்ணப்பம் இப்போது இணையவழியிலேயே நிரப்பப்படுவதால், கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைக்குப் போய் நிரப்புவிக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், கடைக்காரப் பொடியன் அவசரத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, கடவுச்சொல்லையும் தானே வைத்து, அச்சிட்ட தாளை மட்டும் உங்கள் கையில் தந்துவிடுவதை எப்போதும் அனுமதிக்க வேண்டாம். அடுத்துவரும் மாதங்களில் ஆணைக்குழுவின் அறிவித்தல்கள் எல்லாம் அந்த இலக்கத்துக்கும் அந்த மின்னஞ்சலுக்குமே போகும். பரீட்சை முடிந்த வாரத்திலேயே உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, வருடம் முழுவதும் மாற்றாமல் வைத்திருக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தீர்மானித்து, இரண்டையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சமர்ப்பிக்குமுன் திரையிலுள்ள ஒவ்வொரு விபரத்தையும், சிறப்பாகச் சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும், நீங்களே வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

விருப்பத் தெரிவு வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர் இதை வாசிக்கட்டும். பரீட்சை முடிந்தபின் இசட் புள்ளியை உங்களால் மாற்ற முடியாது. மாவட்டத்தையும் மாற்ற முடியாது. நீங்கள் உண்மையில் தீர்மானிப்பது இந்த வரிசையை மட்டுமே.

ஒவ்வொரு கற்கைநெறியும் அது நடைபெறும் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒரு தனிக் குறியீட்டைக் கொண்டது. யாழ்ப்பாண மருத்துவம் ஒரு தெரிவு, பேராதனை மருத்துவம் இன்னொரு தெரிவு, கொழும்பு மருத்துவம் வேறொரு தெரிவு. இவற்றை நீங்கள் விரும்பும் ஒழுங்கில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்குகிறீர்கள். தெரிவின்போது உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் உங்கள் வரிசையில் மிக மேலே இருப்பது எதுவோ அது உங்களுக்கு வழங்கப்படுகிறது. இதிலிருந்து இரண்டு விடயங்கள் தாமாகவே விளங்கும். முதலாவது, எட்டாததென்று தோன்றும் ஒன்றை முதலிடத்தில் எழுதுவதால் கீழேயுள்ள எதையும் நீங்கள் இழப்பதில்லை. இரண்டாவது, ஒரு கற்கைநெறியை முதலாவதாக எழுதியவருக்கு அதை ஐந்தாவதாக எழுதியவரைவிட எந்த முன்னுரிமையும் இல்லை. இசட் புள்ளி கூடியவர் எந்த இடத்தில் எழுதியிருந்தாலும், மேலுள்ளவை அவருக்குக் கிடைக்காதபோது, அவரே முதலில் தெரிவாவார்.

இந்த இரண்டும் விளங்காததால்தான் தவறான ஆலோசனைகள் ஊரெல்லாம் பரவுகின்றன. ‘வெட்டுப்புள்ளி கூடினதை மேலே போட்டு ஒழுங்காக இறங்கு’ என்பது அவற்றுள் மிகவும் பரவலானது. ஓர் உயிரியல் மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மருத்துவம் முதலாவது ஆசை. அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தகவியலோ மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ படிக்க விருப்பம். அதற்கடுத்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடம். வெட்டுப்புள்ளி ஒழுங்கில் அடுக்கச் சொன்னால், தான் ஒருநாளும் நினைத்துப் பாராத ஏதோவொரு கற்கைநெறி, அதன் வெட்டுப்புள்ளி சற்றுக் கூட என்ற ஒரே காரணத்துக்காக, மருந்தகவியலுக்கு மேலே ஏறிக்கொள்ளும். இசட் புள்ளி இடம்கொடுத்தால் அதுவே அவருக்குக் கிடைத்தும் விடும். பிறகு அழுது பயனில்லை, ஏனெனில் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. ‘கிடைக்கக்கூடியதை மேலே போடு, இல்லாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது’ என்பது இதற்கு எதிர்த்திசையில் செல்லும் தவறு. பயத்தால் விவசாயத்தை முதலாவதாக எழுதிவிட்டு, மருந்தகவியலுக்குப் போதுமான புள்ளியோடு விவசாய பீடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

வெட்டுப்புள்ளி அட்டவணை பயனற்றது என்பது இதன் பொருளல்ல. அது வரிசையைத் தீர்மானிப்பதற்கு அல்ல, வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பதற்கு உதவுகிறது. உங்கள் புள்ளிக்குச் சற்று மேலேயுள்ளவை, அண்மித்தவை, நிச்சயமாகக் கீழேயுள்ளவை என மூன்று வகையும் பட்டியலில் போதிய அளவு இடம்பெற்றிருக்கின்றனவா என்பதைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். நான்கு தெரிவோடு நிறுத்திவிட்டு ‘மற்றதெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லும் மாணவர், அந்த நான்கும் கிடைக்காதபோது எதுவுமே இல்லாமல் நிற்பதற்கு உண்மையாகவே ஆயத்தமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் போகமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த கற்கைநெறியை எழுதாமல் விடுவதே நல்லது. அது கிடைத்து நீங்கள் பதியாமல் விட்டால் உங்களுக்கும் பயனில்லை, காத்திருக்கும் இன்னொருவருக்கும் தாமதம்.

வீட்டில் எழும் பெரிய விவாதம் கற்கைநெறியைப் பற்றியதல்ல, தூரத்தைப் பற்றியது. மாத்தறையிலுள்ள ருகுணு, பெலிகுல் ஓயாவிலுள்ள சப்ரகமுவ, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ என்று பெயர் வந்ததும், குறிப்பாகப் பெண்பிள்ளையென்றால், ‘யாழ்ப்பாணம் இல்லாவிட்டால் வவுனியா, அதற்கு அங்கால் வேண்டாம்’ என்று பெற்றோர் கோடு கிழித்துவிடுகிறார்கள். பெற்றோரின் அச்சத்தை அலட்சியம் செய்வது சரியல்ல. இந்த மண்ணில் அதற்குக் காரணங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் அந்த உரையாடல் விண்ணப்பம் நிரப்பும் மேசையில் நடைபெறக் கூடாது. பெறுபேறு வருவதற்கு முன்பே, அவ்விடங்களில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் விடுதி, சாப்பாடு, வீட்டுக்கு வந்துபோகும் வசதி, தமிழ் மாணவர்களின் தொகை ஆகியவற்றை விசாரித்து, பெற்றோரையும் அவர்களோடு பேசவைத்துவிடுங்கள். அருகில் இருப்பதால் மட்டும் விரும்பாத கற்கைநெறியில் நான்கு ஆண்டு இருப்பதைவிட, விரும்பியதைப் படிக்கச் சற்றுத் தூரம் போவது மேல் என்பது என் அபிப்பிராயம். முடிவு உங்கள் குடும்பத்தினுடையது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எழுதுபவர்களும் பீடங்கள் எல்லாம் திருநெல்வேலியில்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. நுண்கலைகள் மருதனார்மடத்திலும் சித்த மருத்துவம் கைதடியிலும் கற்பிக்கப்படுகின்றன. முன்பு வவுனியா வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்டிலிருந்து தனியான வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டதால், பழைய கைநூலை வைத்துக்கொண்டு குறியீடுகளைப் பார்த்து எழுதுவது ஆபத்து. குறியீடுகளை நடப்பு ஆண்டுக் கைநூலிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

உளச்சார்புப் பரீட்சைகள்

கட்டடக்கலை, வடிவமைப்பு, சங்கீதம், நடனம், சித்திரம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. உரிய பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலோ செய்முறைப் பரீட்சையிலோ சித்தியடைய வேண்டும். இதற்கான விண்ணப்பத்தை அந்தப் பல்கலைக்கழகம் பத்திரிகையிலும் தனது இணையத்தளத்திலும் தனியே கோரும். ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் குறியீட்டை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தனியே விண்ணப்பிக்காமல் விட்டவரின் அந்தத் தெரிவு பயனற்றுப்போகும். மறுபக்கத்தில், பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தும் ஆணைக்குழு விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டாலும் அதே கதிதான். பெறுபேறு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளை ஒன்றும் விடாமல் பாருங்கள். மிருதங்கமோ வயலினோ வாய்ப்பாட்டோ படித்தவர்கள் மருதனார்மடத்தோடு நின்றுவிடாமல், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் அறிவித்தலையும் கவனிக்க வேண்டும்.

பணம்

மகாபொல புலமைப்பரிசிலும் ஆணைக்குழுவின் உதவுதொகையும் குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கப்படுவதால், வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்களைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பெற வேண்டியிருக்கும். விதானையார் எந்தக் கிழமைகளில் அலுவலகத்தில் இருப்பார் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் கேட்க வேண்டாம். பின்னர் பொய்யென்று தெரியவந்தால் தொகை நிறுத்தப்படுவதோடு போகாது.

காத்திருக்கும் காலமும் வேறு வழிகளும்

பரீட்சை நாட்காட்டியை நம்பித் திட்டம் போடுவது அண்மைக்காலத்தில் கடினமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023இன் தொடக்கத்திலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் நடைபெற்றன. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரைக்கும் இடையே ஓராண்டுக்கு மேலும் செல்லலாம். அந்தக் காலத்தை ஆங்கிலத்துக்கும் கணினிக்கும் கொடுப்பதே அறிவுடைமை. கணிதப் பிரிவினராயின் ஒரு நிரலாக்க மொழியைத் தொடங்கிவைப்பதும் உதவும்.

பெறுபேறு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான அவகாசம் குறுகியது. இரண்டாந்தடவை எழுத முடிவுசெய்தவர்களும் முதல் பெறுபேற்றோடு தகுதி இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவதே நல்லது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை மட்டுமே தோற்றலாம் என்பதையும், ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்தபின் புதிய பெறுபேற்றோடு மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் பதிவுப் படிவத்தில் கையொப்பம் இடுமுன் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் வழியே இல்லை என்பது உண்மையல்ல. உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா கற்கலாம்; திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இங்கேயே இருக்கிறது; தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கும் தாதியர் பயிற்சிக்கும் வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்படுகிறது; கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் முடிவுத் திகதி வெவ்வேறு என்பதால், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை கைகட்டி இருந்தால் இவையும் கைநழுவிவிடும். இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் உள்ளிட்ட உதவிகளுக்கான விபரங்களை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம்.

தனியார் நிறுவனத்தையோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தையோ முகவர் ஒருவர் சிபாரிசு செய்தால், பட்டத்தை வழங்குவது யார், அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவாலோ கல்வி அமைச்சாலோ அங்கீகரிக்கப்பட்டதா என்பதை முகவரின் வாயால் அன்றி உரிய நிறுவனங்களின் பட்டியலிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு மருத்துவப் பட்டமாயின், இலங்கை மருத்துவப் பேரவை அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்பதையும், திரும்பி வந்தபின் இங்கு எழுதவேண்டிய பரீட்சையைப் பற்றியும் முதலில் விசாரியுங்கள். அதற்கு முன் காணியை ஈடு வைத்தோ நகையை அடகு வைத்தோ முற்பணம் கட்ட வேண்டாம். எந்தத் தொகை கட்டினாலும் நிறுவனத்தின் பெயரில் வங்கியில் கட்டி, பற்றுச்சீட்டை மற்றப் பத்திரங்களோடு அதே கோவையில் வையுங்கள்.